நூற்றுப் பத்து டிகிரி

"இன்னும் கொஞ்சம் மடக்குங்க சார்," என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

குப்புறப் படுத்திருந்த லாரி டிரைவர் பல்லைக் கடித்தார்.

"இவ்வளவுதாம்மா வருது."

அவள் அவருடைய குதிகாலை விட்டுவிட்டு, முட்டி மடங்கிய அளவை அட்டையில் எழுதினாள். நூற்றுப் பத்து. மூன்று மாதமாக அதே எண். நூற்று முப்பதைத் தொட்டால் வேலைக்குப் போகலாம் என்று சீட்டு கொடுத்துவிடுவார்கள். அவருக்கு அந்தச் சீட்டு வேண்டாம்.

லாரியிலிருந்து குதித்தபோது இடது முட்டிக்குள் தசைநார் அறுந்தது. அதே காலின் பின்தொடையிலிருந்து இரண்டு நாண்களை எடுத்து உள்ளே பொருத்தினார்கள்.

"ஒட்டுப் போடக்கூட வெளிய தேடல. வீட்டுத் துணியையே கிழிச்சுட்டாங்க," என்றாள் மனைவி.

இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய கேலியை அவர் முழுதாகக் கேட்டது அப்போதுதான். அதுவரை வீட்டுக்கு வருவார், தூங்குவார், கிளம்புவார்.

நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மாலையில் இருவரும் நடந்தார்கள். முதலில் தெருமுனை வரை. பிறகு பாலம் வரை. கல்யாணமான புதிதில் அங்கேதான் அவள் செருப்பு அறுந்தது. அவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார்.

"அன்னைக்கு உங்க செருப்புல நான் நடந்தேன். இன்னைக்கு என் தோள்ல நீங்க நடக்கிறீங்க," என்றாள். அவர் தோளை விடவில்லை.

பிசியோதெரபிஸ்ட் வீட்டில் பயிற்சி செய்ய ஒரு ரப்பர் பட்டை கொடுத்தாள். அவர் அதைக் கட்டிலுக்கடியில் எறிந்தார். மறுநாள் பட்டை எங்கே என்று அவள் கேட்டாள். வீட்டுக்கு வந்து அதை எடுக்கக் குந்தினார், குதிகால் தொடையில் முட்ட. நிமிர்ந்தால் வாசற்படியில் மனைவி.

"அடுப்புல பால்," என்று போய்விட்டாள்.

பார்க்கவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் அன்று மாலை கூடுதலாகவே நொண்டினார். பாதித் தூரத்தில் மனைவி அவருடைய வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தெரிந்தது, நொண்டியது வலது கால்.

அந்த வாரம் பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்தார்.

"ஆறு மாசமாச்சு. உள்ள இறுகிப் போச்சு. மயக்கம் கொடுத்து மடக்கிடுவோம். வியாழக்கிழமை வந்துடுங்க."

அவருக்கு வியர்த்தது. மனைவிக்கும் முகம் வெளுத்தது. அன்று இருவரும் பாலம் வரை போகவில்லை.

மறுநாள் காலை மனைவி காய் வாங்கக் கிளம்பினாள். அவள் தெரு திரும்பிய பிறகும் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, அவர் குறுக்குச் சந்தில் ஏறக்குறைய ஓடினார். கிளினிக்கில், வருகிறவர்களுக்கு நுழைவுச் சீட்டு எழுதும் அம்மாள் மட்டும் இருந்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்கம்மா. மயக்கமெல்லாம் வேணாம். என் கால் நல்லா மடங்குது. நான்தான் நடிச்சேன்."

"தெரியும் சார். ஐஸ் வச்சுக்கிட்டு இங்கயே தூங்கிடுவீங்கல்ல, அப்ப பிசியோ அம்மா அளந்து பார்த்தா நூத்தி முப்பத்தஞ்சு. மூணு மாசமா."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

அவள் பேனாவை மூடினாள்.

"உங்க வீட்டம்மாதான் சொல்லக் கூடாதுன்னு கெஞ்சினாங்க, சொன்னா லாரி ஏறிடுவீங்களாம், இப்ப, நீங்க வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான், வியாழக்கிழமைக்குப் பயந்து அவங்களும் வந்து, டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்கன்னு ஒத்துக்கிட்டுப் போனாங்க."