அட்டவணையின் மாநாடு

"என் பேரு இதுல இல்லியேம்மா!"

ஹால் வாசலில் பெரியவர் ஒருவர் மேஜைமீது மூக்கு உரசும்படி குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது.

"இருக்கும் சார், நல்லாப் பாருங்க. பேர் அட்டையை எடுத்துக்கிட்டுத்தான் உள்ளே போகணும்," என்றாள் மாநாட்டுச் செயலாளர். நூலகவியல் மாணவி. டிபன் பாக்ஸுக்குக்கூட எண் ஒட்டுகிறவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'அட்டவணை' என்று பெயர்.

தகவல் துறையின் எதிர்காலம் பற்றி மாணவர்களே நடத்தும் முதல் மாநாடு. "ஹால் நிறையலைன்னா அடுத்த வருஷம் மாநாட்டுப் பேச்சையே எடுக்காதே," என்று துறைத்தலைவி கறாராகச் சொல்லியிருந்தார். பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பது மணிக்கே இத்தனை பேர்! அட்டவணைக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒருவருக்கும் அட்டை அகப்படவில்லை.

"எல்லாம் உன்னாலதான்டி," என்றாள் தோழி. "பேர் வரிசையில அடுக்காம, அவங்கவங்க பாடத்துக்கு நூலகத்துல போடற எண் வரிசையில அடுக்கி வச்சா எப்படித் தேடுவாங்க?"

"நம்ம துறைக்காரங்கடி! எண் தெரியாதா?"

தெரியவில்லை. அட்டவணை ஓடிப்போய்ப் பெயரும் எண்ணுமாக ஒரு பட்டியல் அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள்.

"எழுத்து பொடிப்பொடியா இருக்கே!" என்றார் ஒரு அம்மாள்.

பெரிய எழுத்தில் ஒட்டினாள். பெரியவர் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை சத்தமாக வாசித்தார். "கடைசி வரி மட்டும் கொஞ்சம் மங்குது," என்று நகர்ந்தார். அடுத்தவர் வந்து அவரும் முதலிலிருந்து தொடங்கினார்.

மணி ஒன்பதே முக்கால். வேறு வழியின்றி அட்டைகளைப் பெயர் வரிசைக்கு மாற்றப் போனாள். அவசரத்தில் மேஜை சாய்ந்தது. அட்டைகள் படிக்கட்டெல்லாம் சிதறின.

"அட்டையே வேண்டாம்! எல்லாரும் உள்ளே வாங்க!"

ஹால் நிரம்பி வழிந்தது. அப்போதுதான் தோழி மூச்சிரைக்க வந்தாள். "இன்னும் அறுபது பேர் வந்திருக்காங்கடி!"

"நிக்கக்கூட இடமில்ல. மாடியில இருக்கிற ரூமுக்கு அனுப்பு, அப்புறம் பாத்துக்கலாம்."

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற நூலகர். "எந்த மெஷின் வந்தாலும் சரி," என்றார் அந்த அம்மையார், "வாசல்ல நிக்கிறவங்ககிட்ட 'உங்களுக்கு என்ன வேணும்?'னு மொதல்ல கேக்கிறவங்களுக்கு நம்ம தொழில்ல என்னைக்கும் வேலை இருக்கும்."

அட்டவணை அதை எண் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. துறைத்தலைவி அவள் தோளைத் தட்டினார். "அடுத்த வருஷம் பெரிய ஹாலாக் கேட்டு வாங்கிடலாம்மா." அட்டவணைக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது.

பின்கதவைத் திறந்துகொண்டு வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"கண் டெஸ்ட்டுக்கு வந்தவங்கல்லாம் இங்கயா உக்காந்திருக்கீங்க? இங்கேருந்து மாடிக்கு அனுப்பின அறுபது பேருக்கும் பாத்து முடிச்சுட்டோம், எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஏதோ மாநாடாமே, அது எங்கேன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க!"