ஆமென் சொல்ல விடாத கிடார்

தாம்பரம் வட்டாரத்தில் எக்கோ அண்ணனைவிடக் குறைவாகக் கிடார் வாசித்து, அவரைவிட அதிகமாகப் பேச்சு வாங்கிய மனிதர் கிடையாது. மூன்றே சுரம்தான் வாசிப்பார். மீதியை அவர் காலடியில் கிடக்கும் பச்சைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அதை ஒரு மிதி மிதித்தால், வாசித்ததே திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்ந்துகொண்டு போகும். அந்தப் பெடலால் வந்ததுதான் எக்கோ என்ற பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே ஞாபகம் இருந்ததா, சந்தேகம்தான்.

வாலிப வயதில் யாரோ கொடுத்த கேசட்டில் இங்கிலாந்தின் நியூ வேவ் ராக்கைக் கேட்டுவிட்டார். அந்த ஊர் கிடார்காரர்கள் விரல் வித்தை காட்டுவதை அநாகரிகமாக நினைத்தார்களாம். அன்றோடு இவரும் தனியாக வாசித்துக் காட்டும் சோலோவுக்கு முழுக்குப் போட்டார். அவர்களைப் போலவே சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடப்பார். தொடங்கிய பேண்டுகள் எல்லாம் கலைந்தன. டிரம்மர் துபாய்க்குப் போனார், பாடகி கல்யாணமாகிப் போனார். ஒரு ரிசப்ஷனில் குத்துப்பாட்டு கேட்ட மாப்பிள்ளைக்கு அந்த மூன்று சுரத்தையே வாசித்துக் காட்டியதோடு கடைசி பேண்டும் முடிந்தது.

மிஞ்சியது எங்கள் சர்ச்சின் பாட்டுக் குழுவான க்வயர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசிப்பதற்காகத்தான் வாரம் முழுக்க ஆபீஸ் போகிறேன் என்பார்.

அங்கேயும் வம்பு வந்தது. பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஜெபம் சொல்லி ஆமென் என்றால்தான் நாங்கள் உட்கார முடியும். ஆனால் பாட்டு முடிந்துவிட்டதா என்றே தெரியாது. மூட்டுவலிக்காரர்கள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாஸ்டர் வாயைத் திறப்பார், இன்னொரு 'டொய்ங்' வரும், மூடிக்கொள்வார்.

க்வயரை நடத்தும் ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார். "பெடல் வேணாம் அண்ணா. வெறும் கிடார் வாசிங்க."

"பெடல் இல்லாம வாசிச்சா அது நான் இல்ல டீச்சர்" என்றார் அவர். கோபமே இல்லை. கிடாரை உறைக்குள் வைத்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை அப்புறம் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பாட்டு கச்சிதமாக முடிந்தது. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கவில்லை. கண்ணை மூடிக் காத்திருந்தார். நாங்களும் நின்றோம். இத்தனை வருடப் பழக்கம், வராத எக்கோவுக்காக மொத்த சபையும் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஸ்டெல்லா டீச்சர் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணா, அந்தப் பெட்டியை எடுத்துட்டு வாங்க."

பெட்டி அவர் கோட்டுப் பையிலேயே தயாராக இருந்தது.

போன மாதம் வண்டலூரில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். வேறு சர்ச். பாட்டு நின்றது, ஆமென் சொன்னார்கள், எல்லோரும் மளமளவென்று உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா, இன்னும் முடியல" என்றேன்.