அளவு பத்தாத மழைக்கோட்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நான்கு சாட்சிகளில் மூன்று பேர் கொலையாளி என்று நெட்டையை அடையாளம் காட்டினார்கள். நெட்டை அப்போது அவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காவல் நிலையத்தின் ஏட்டு அவர். மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார்.

வழக்கு பதினான்கு வருடப் பழசு. கடைத்தெருவில், மழை நேரத்தில், பூட்டுக்கடைக்காரரை யாரோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பழுப்பு மழைக்கோட்டு போட்ட ஆள் ஒருவன் வெளியே போனதை மூன்று பேர் பார்த்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. பக்கத்துக் குடைக்கடைக்காரர் தானும் பார்த்ததாகச் சொல்ல, சாட்சிகள் நால்வர் ஆனார்கள்.

பழைய வழக்குகளைத் தூசி தட்டுவது இப்போது துறையில் மோஸ்தர். அதற்கென்றே உண்மை மீட்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, ஓர் அதிகாரியையும் நியமித்திருந்தார்கள். மலைவாசஸ்தலத்து ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி பெற்றவர் அவர். சாட்சியை மெத்தை நாற்காலியில் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, அருவிச் சத்தம் போட்டால் மறந்ததெல்லாம் மேலே மிதந்து வரும் என்பது பயிற்சியின் சாரம்.

அருவிச் சத்தத்தால் முதல் சாட்சியான பஸ் டிரைவர் இரண்டு முறை கழிவறைக்குப் போய்வந்தார். மூன்றாம் முறை கண்ணைத் திறந்தபோது எதிரே தட்டோடு நெட்டை.

"சார்! இவர்தான்!"

"ஆமாமா, இவரேதான்" என்றார் தையல்காரம்மா. "கோட்டுக் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்னுடுச்சு. எவன் தைச்சானோன்னு அன்னிக்கே நினைச்சேன்."

"ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"செருப்பு அறுந்திருந்துச்சுங்க" என்று நெட்டை உதவி செய்தார். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் நெட்டைக்கு விஷயம் உறைத்தது. "ஐயா, அது ஒத்திகை! கொலை நடந்து பத்து நாள் கழிச்சு, பழைய இன்ஸ்பெக்டர் சாட்சிகளையெல்லாம் தெருவில நிக்க வச்சு, கொலைகாரன் எப்படிப் போனான்னு நடிச்சுக் காட்டச் சொன்னார். வேற ஆள் இல்லை, நான் நடிச்சேன். குடைக்கடைக்காரர்தான் கோட்டு கொடுத்தார்."

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடலாமா?"

"காலமாயிட்டார் ஐயா."

"எத்தனை தடவை நடிச்சீங்க?"

"ஏழு தடவை. டிவிக்காரங்க திரும்பத் திரும்பக் கேட்டாங்க."

"கொலைகாரனை இவங்க எத்தனை தடவை பார்த்தாங்க?"

"ஒரு தடவை."

"அப்போ இவங்க யாரை நல்லாப் பார்த்திருக்காங்க?"

"என்னைத்தான்."

"அதையேதான் நானும் சொல்றேன்."

அந்த நாளில் பத்திரிகைகளும் நெட்டை கோட்டோடு நடந்த படத்தைத்தான் முதல் பக்கத்தில் போட்டன. இடம் கருதி 'ஒத்திகை' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். ஊரே நெட்டையின் முகத்தைப் பார்த்துப் பயந்து கதவைத் தாழிட்டது.

"கொலை நடந்தன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"இதே ஸ்டேஷன்லதான். லாக்கப்ல இருந்த ஜேப்படிக்காரன் பார்த்தான்."

"ஒரு திருடன் பேச்சை நான் நம்பணுமா? அதுவும் ஒரு கொலைகாரர் சொல்லி?"

இதுவரை பேசாதிருந்த குடைக்கடைக்காரர் எழுந்தார். "இவர் இல்லைங்க."

"எப்படித் தெரியும்?"

"அந்தக் கோட்டு எனக்குச் சரியா இருக்கும். அன்னிக்குப் போட்டிருந்தது நான்தான். நடுச்சுவர் யாருக்குன்னு சண்டை. சுத்தியல் கைக்கு எட்டுற இடத்தில இருந்துச்சு. மழை வந்தா என் கடை வாசல்ல ஒதுங்குற மனுஷன் இவர். இவர் உள்ள போனா எனக்குச் சோறு இறங்காதுங்க."

அதிகாரி மற்ற மூவர் பக்கம் திரும்பினார். "இவரை அன்னிக்கு எங்க பார்த்தீங்க?"

"எங்க பக்கத்திலதான் நின்னார் சார். எனக்குக் குடைகூடப் பிடிச்சார்" என்றார் தையல்காரம்மா.

"அது ஒத்திகை அன்னிக்கும்மா!" என்றார் குடைக்கடைக்காரர்.

"உங்க இரக்க குணத்தைப் பிரிவு மனமாரப் பாராட்டுது" என்றார் அதிகாரி. "ஆனா நீங்க சாட்சிகளோட நின்னதுக்கு மூணு சாட்சி இருக்கு. நீங்க கொலை பண்ணதுக்கு ஒரு சாட்சிகூட இல்லை. உட்காருங்க. யாராவது இவருக்குத் தண்ணி கொடுங்க."

நெட்டை கொடுத்தார். லாக்கப் சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது. உள்ளே போய், பூட்டி, சாவியைக் கம்பி வழியே நீட்டினார். பிறகு மனைவிக்குப் போன் செய்தார்.

"சாப்பாட்டுக்கு வரலை. பூட்டுக்கடைக் கேஸ்."

"அது பதினாலு வருஷமா அங்கேயேதானே இருக்கு? சாப்பிட்டுட்டுப் போய்ப் பாருங்க."

"முடிஞ்சிடுச்சு. ஆளைப் பிடிச்சாச்சு."

"அட! யாருங்க?"

"நான்தான்."

வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிபதிக்கு ஒரு சந்தேகம். சம்பவத்தைத் திரும்ப நடத்திக் காட்டும்படி உத்தரவிட்டார். நெட்டை சிறையில் இருந்ததால், அவர் உயரத்துக்கு அருகில் வரக்கூடிய அதிகாரியே கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். சாட்சிகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். இந்த முறை கைபேசியில் படம் பிடிப்பவர்களும் வந்திருந்ததால் அதிகாரி பகல் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. அதிலும் ஒன்றும் தெளியவில்லை. சந்தேகத்தின் பலனை நெட்டைக்கு அளித்து விடுவித்தார்கள். ஓய்வு பெற வேண்டிய தேதியில் அவர் சிறையில் இருந்தபடியால் முறைப்படி ஓய்வு பெறவில்லை என்று துறை கண்டறிந்து, மீண்டும் அதே நிலையத்தில் பணியில் அமர்த்தியது.

மூன்று வருடம் கழித்து, ஜூன் மாதம், புதிய அதிகாரி ஒருவர் வழக்கை மறுபடி எடுத்தார். அருவி போய், இப்போது பறவைச் சத்தம். குடைக்கடைக்காரரை நம்பத்தகாத சாட்சி என்று இந்த முறை கூப்பிடவில்லை. அவராகவே வந்து வெளி பெஞ்சில் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மற்ற மூவரும் கண்ணைத் திறந்து, கோப்பை ஒப்படைக்க வந்திருந்த பழைய அதிகாரியை அடையாளம் காட்டினார்கள்.

"ஏட்டு, நீங்களாவது சொல்லுங்க! அது ஒத்திகைதானே?"

நெட்டை தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார். "உள்ளதைத்தான் சொல்லணும் ஐயா. அன்னிக்கு நான் ஜெயில்ல இருந்தேன். எதையும் பார்க்கலை."

அதே ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குடைக்கடைக்காரர் தன் வீட்டில் தூக்கத்தில் காலமானார். உண்மை மீட்புப் பிரிவு மலர்வளையம் அனுப்பியது. அதில் 'இரக்கமுள்ள சாட்சிக்கு' என்று எழுதியிருந்தது.