சேவல் தோஷமும் சோழிக் கயிறும்

போங்கோ சந்தையில் அன்று சோளக் கள்ளுப் பானைகளைச் சீண்ட ஆளில்லை. ஊரே வேப்பமரத்தடியில் நின்றது. ஆளுக்கொரு கூடை, கூடைக்குள் கினிக்கோழிக் குஞ்சுகள், நடுவில், ஆட்டுத்தோலின் மேல், மகான் அகுருகு!

மகான் என்றால் சும்மாவா? கையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு சோழி. குஞ்சின் தலைக்குமேல் பிடித்தால் சோழி ஆடும். வட்டமாக ஆடினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல். முதன்முதலாகக் கினிக்கோழி வளர்ப்பவர் வீட்டில் சேவல் குஞ்சு தங்கினால் தோஷமாம். கம்பு கதிர் விடுவதற்குள் அத்தனையும் செத்துவிடுமாம். அதனால் சேவல்களை எல்லாம் மகான் தம் கூடையில் போட்டுக்கொண்டு, தோஷத்தைத் தாமே சுமந்து போவார். எவ்வளவு பெரிய மனசு! பிறத்தியார் தோஷத்தைச் சுமந்து சுமந்தே அவர் உடம்பு அப்படிப் பருத்திருந்தது.

கினிக்கோழிக் குஞ்சு ஈரம் பட்டால் சாகும், குளிர் பட்டால் சாகும், தண்ணீர்த் தட்டில் விழுந்தும் சாகும். விடிந்ததும் ஈரப் புல்லில் அவிழ்த்துவிட்டுச் சாகடித்தவர்கள்கூட, "தோஷம்தான், வேறென்ன?" என்று தலையாட்டினார்கள். புல்லைக் குறை சொன்னால் பழி தம் தலையில் விழுமே!

அயின்போக்கா குஞ்சுகளை ஈரப் புல்லில் விடும் தவறைச் செய்யவில்லை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிமூட்டையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். கினிக்கோழி முட்டைகளை நாட்டுக்கோழிக்கு அடைவைத்துப் பொரிக்க விட்டாள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டாள். சாணி அடைத்த பானையைக் கவிழ்த்துவைத்து, அதில் ஏறிய கறையானைத் தட்டித் தீனி கொடுத்தாள். கால்விரல் வளைந்து நடக்க முடியாத ஒரு குஞ்சை மார்புத் துணிக்குள் வைத்தே காப்பாற்றினாள். இவை முட்டைக்கு வந்துவிட்டால் அண்ணன் கையைப் பார்த்து நிற்க வேண்டாம். அவளுக்கென்று உலகத்தில் இருந்ததே அந்தக் கூடைதான். அதனால்தான் பயம் பிடித்துக்கொண்டது. குஞ்சுகளோடு அடைக்கோழியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கூட அண்ணி தலாட்டாவும் வந்திருந்தாள். அந்த ஊரில் நாத்தனாரையும் 'புருஷன்' என்றுதான் கூப்பிடுவார்கள். தலாட்டா அந்த உரிமையை வீணாக்கியதே இல்லை.

"ஏன் புருஷா, மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க? குஞ்செல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"இன்னிக்கு இருக்கு அண்ணி. நாளைக்கும் இருக்கணுமே."

சோழி ஆடியது. "சேவல்... சேவல்... பெட்டை... சேவல்..." பாதிக்கு மேல் மகான் கூடைக்குப் போயின. என்ன அதிசயமோ, கொழுத்ததெல்லாம் சேவல், நோஞ்சானெல்லாம் பெட்டை! வளைந்த விரல் குஞ்சு ஊட்டி ஊட்டி வளர்த்ததில் கொழுத்திருந்தது, அதுவும் போயிற்று. அயின்போக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தலாட்டாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஒரு சந்தேகம். பாக்குறது உங்க கண்ணா, சோழியா?"

"சோழிதாம்மா! நான் குருடனா இருந்தாலும் கயிறு என் விரல்ல வந்து சொல்லிடும்."

"அப்படிப் போடுங்க!" தலாட்டா தன் தலைத்துணியை அவிழ்த்தாள். "அப்போ கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்களேன். உங்க பேரு நாலு சந்தைக்குப் பரவும்."

கூட்டம் "ஆமா, ஆமா!" என்றது. பெயருக்கு ஆசைப்பட்ட மகான் தலையைக் கொடுத்தார்.

வளைந்த விரல் குஞ்சை அவர் கூடையிலிருந்தே எடுத்து ஆட்டுத்தோலில் வைத்தாள் தலாட்டா.

"சேவல்!"

தூக்கினாள். அதையே திரும்ப வைத்தாள்.

"பெட்டை!"

மறுபடியும் அதே குஞ்சு.

"பெட்டை!"

கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது. புகையிலை விற்கும் அசூரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பைப் புகழ்ச்சி என்று நினைத்த மகானுக்கு உற்சாகம் தலைக்கேறியது. நாலாவது தடவையும் அதே குஞ்சைத்தான் வைத்தாள் தலாட்டா. "இது முரட்டுச் சேவல்! இத வெச்ச வீடு விளங்காது!"

தலாட்டா துணியை உருவினாள். ஒரே ஒரு குஞ்சு நின்று சோழியைக் கொத்திக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நேரமும் இந்த ஒத்தக் குஞ்சுதான்யா! சேவலா இருந்துச்சு, பெட்டையாச்சு, திரும்பவும் சேவலாயிடுச்சு!"

"கண்ணைக் கட்டுனதுல சோழிக்குக் கோபம்!"

"சோழிக்கு வந்தா வரட்டும். என் புருஷனுக்கு வந்தா நீ தாங்க மாட்ட!"

அந்தப் புருஷனுக்கு வந்தேவிட்டது. அயின்போக்கா பாய்ந்து மகானின் கூடையைக் கவிழ்த்தாள். குஞ்சுகள் திசைக்கொன்றாகச் சிதறின. எல்லாம் ஒரே அச்சு, எது யாருடையது?

"சோழிய ஆட்டிச் சொல்லுய்யா!" என்று கத்தினார் அசூரே.

சொல்ல மகான் அங்கே இல்லை. முதுகில் தோஷம் இல்லாததால் ஓட்டம் நன்றாகவே வந்தது.

அயின்போக்காவின் அடைக்கோழி ஒரு குரல் கொடுத்தது. அவள் குஞ்சுகள் மட்டும் ஓடிவந்து அதன் சிறகுக்குள் புகுந்தன. வளைந்த விரல் குஞ்சும் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது. அயின்போக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அசூரே கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் சரி போக்கா, அந்தக் குஞ்சு நெசமாவே சேவலா, பெட்டையா?"

"தெரியாது மாமா. வளந்து கூவட்டும், பாத்துக்கலாம்."

'தெரியாது' என்ற சொல் அந்த வேப்பமரத்தடியில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அதைச் சொன்னவள் ஒரு குஞ்சையும் இழக்கவில்லை. எல்லாம் தெரியும் என்றவனை நம்பிய பெரியோர்களே, உங்கள் கூடையை எண்ணிப் பாருங்கள். குறைந்தால், தலையைத் தொட்டுப் பாருங்கள். அது கூடை சுமக்க மட்டும் வைத்ததல்ல.