பத்திக்கு நாலு பேர்

விருதுநகர் ஜில்லாவில் தீப்பெட்டியைக் கண்டு பயந்த ஒரே மனிதர் எங்கள் ‘தள்ளிநில்லு’ அண்ணாச்சிதான். பிழைப்போ, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன்.

வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். கம்பெனி விதி. அண்ணாச்சி தன் வீட்டு வாசலிலும் ஒன்று பதித்திருந்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை வரிசையில் நிறுத்தித் தொட வைத்தார். மாப்பிள்ளைக்கு மட்டும் இரண்டு தடவை, பாலியஸ்டர் சட்டையாம்.

நான் அங்கே கெமிஸ்ட். பயத்தில் அவருக்கு அடுத்த இடம் எனக்கு. தீப் பாதுகாப்பு மேற்படிப்புக்காக வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஏன் படிக்க வருகிறாய் என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். எல்லாம் எழுதியாயிற்று, முடிவுப் பத்தி மட்டும் மூன்று வாரமாக வரவில்லை. கடைசி நாளும் வந்தது. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். நாலு மணிக்கு, கேட் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன். பத்தியில் பதினோரு வாக்கியம் சேர்ந்திருந்தது. ஒன்றில் உலகத்தையே காப்பாற்றியிருந்தேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “என்னலே, காய்ச்சலா?”

“இல்ல அண்ணாச்சி. முடிக்கத் தெரியல. இன்னிக்கு அனுப்பலேன்னா ஒரு வருசம் போச்சு.”

“வாசி.”

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

“ஏலே, சட்டப்படி ஒரு மருந்து ரூமுக்குள்ள எம்புட்டு ஆளு இருக்கலாம்?”

“நாலு.”

“இங்கன பதினொண்ணு அடைச்சு வச்சிருக்கே. வெளிய ஏத்து.”

“இது பத்தி அண்ணாச்சி.”

“எதுவா இருந்தா என்ன, கூட்டம் கூட்டம்தான். மொதல்ல அந்த ஒலகத்தக் காப்பாத்துறவன வெளிய ஏத்து.”

வெளியேற்றினேன். சிறு வயதுக் கனவு என்றொரு வரி இருந்தது. “கண்டக்டர் ஆகணும்னுதான ஆசைன்னு சொன்னே?” அதுவும் போனது. பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்த மூன்று வரிகளை, “அவுக பெருமை அவுகளுக்குத் தெரியாதாக்கும்” என்று துரத்தினார். சொன்னதையே சொன்ன இரண்டைக் கூச்சத்தில் நானே அடித்தேன்.

மணி நாலே முக்கால். நாலு வரி மிஞ்சியது: மருந்து அறையில் நான் பார்த்தது, எனக்குப் புரியாதது, அங்கே கற்க நினைப்பது, படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருவேன் என்பது. கடைசி வரி சும்மா அழகுக்குப் போட்டது. உறுத்தியதால் அதை அடிக்கப் போனேன்.

“அது கெடக்கட்டும்லே” என்றார், குரல் இறங்கி.

அனுப்பினேன். இடம் கிடைத்தது, படித்தேன், அங்கேயே வேலையும் தருவதாகச் சொன்னார்கள். அந்த வாரம் கம்பெனிக்குப் போன் செய்தால், அண்ணாச்சி இரண்டு வருடமாக என் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லையாம். “அவன் வாரேன்னு எழுதிக் குடுத்திருக்கான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் பெட்டியைக் கட்டினேன்.