பச்சைக் கோட்டுத் திட்டம்

பொதுமக்கள் நலனை முன்னிட்டும், கொழும்புத் தலைமையகப் பெரியவரின் வருகையை அதைவிட அதிகமாக முன்னிட்டும், நானுஓயாவில் இருந்த மண்சரிவு முன்னறிவிப்பு உப அலுவலகத்துக்கு ஒரு கணினி வழங்கப்பட்டது. கணினியோடு லோஜினியும் வழங்கப்பட்டாள், தற்காலிகமாக.

மழை அளவு கடந்தால் ராகலைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதுவது அவள் வேலை. முதல் சங்கு வைத்த லயத்தில்தான் அவள் தாய் அம்மாக்கண்ணு இருந்தாள். அந்த வீட்டுச் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. அளக்க வந்த அலுவலக ஆட்கள் அதன்மேல் சிவப்புக் கோடு இழுத்து, “செவப்பு இருக்கிற வீட்டுக்குத்தான் முதல்ல புது வீடு” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

லோஜினி எழுதியதை பில்ட் கருவி என்ற மென்பொருள் மளமளவென்று கோத்து, ஓடும் புரோகிராமாக்கிக் கொடுத்தது. சோதனையில் சங்கும் ஊதியது. ஆனால் அவள் எழுதப் பயன்படுத்திய எடிட்டர் மென்பொருளுக்கு அந்தக் கருவியை யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. ஆகவே அது எல்லாவற்றையும் பிழை என்று எண்ணி வரிக்கு வரி சிவப்புக் கோடு போட்டது.

பணிப்பாளர் ஆண்டியப்பன் எட்டிப் பார்த்தார்; வேர்த்துவிட்டது.

“என்னம்மா இது, பூராவும் பிழையா?”

“பிழை இல்ல சேர். எடிட்டருக்கு பில்ட் கருவியைத் தெரியல. நீட்சின்னு ஒரு துணை மென்பொருள் போட்டா சரியாயிடும். அஞ்சு நிமிஷ வேலை.”

“அஞ்சு நிமிஷ வேலைக்குத் தலைமையகம் அனுமதி தர நாலு மாசம் ஆகும். பெரியவர் வெள்ளிக்கிழமை வாறாரு.”

“கோடு இருந்தாலும் ஓடும் சேர். ஆனா இத்தனை பொய்க்கோட்டுக்குள்ள ஒரு நெசக் கோடு ஒளிஞ்சிருந்தா எனக்கே தெரியாது. அதுதான் பயம்.”

ஆண்டியப்பன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்ட மேலாளரான பெரிய தொர வரும் நாளில் ரோட்டைப் பார்த்த லயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். நிர்வாகம் என்றால் என்னவென்று அவருக்கு அன்றே விளங்கிவிட்டது.

“கோட்டு நிறத்தை மாத்தலாமா?”

“செட்டிங்ல மாத்தலாம். ஆனா சேர்...”

“பச்சையாக்கு. தேயிலைப் பச்சை.”

லோஜினிக்கு வேலை நிலைக்க வேண்டும். பச்சையாக்கினாள்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். திரை முழுக்கப் பச்சை. “அடேயப்பா, இவ்வளவு சரியா!” என்று மெய்மறந்தார். மற்ற அலுவலகத் திரைகளில் ஒரு பச்சைக் கோடுகூட இல்லாததை வன்மையாகக் கண்டித்தார். மறுவாரமே சுற்றறிக்கை வந்தது: அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட சகல சிவப்புக் கோடுகளும் உடனடியாகப் பச்சைக் கோடுகளாகத் தரமுயர்த்தப்பட வேண்டும்.

சகல என்றால் சகலமும்தான். ஆண்டியப்பன் பெயிண்ட் டின்னோடு லயத்துக்கே வந்துவிட்டார். டின்னைப் பிடிக்க லோஜினி.

“சேர், வெடிப்பு அப்படியே இருக்கே!” என்றாள் அவள்.

“உன் புரோகிராம்லயும் நிறத்தைத் தவிர ஒண்ணும் மாத்தல. ஓடலையா?”

“எங்களுக்குப் புது வீடு?” என்றாள் அம்மாக்கண்ணு.

“பச்சை வீட்டுக்கு எதுக்கம்மா புது வீடு?”

சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டியது. சங்கு அலறியது. லயமே வெளியே ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஆண்டியப்பன், கையில் பிரஷ்ஷோடு.

“எங்க ஓடுறீங்க சேர்? உள்ள நில்லுங்க, பச்சையாத்தானே இருக்கு!” என்று கத்தினாள் அம்மாக்கண்ணு. லயம் மொத்தமும் நனைந்துகொண்டே சிரித்தது.

மழை விட்டது. சுவர் விழவில்லை. ஆண்டியப்பன் சட்டையைப் பிழிந்துகொண்டு கம்பீரமாகத் திரும்பினார்.

“பார்த்தீங்களா? பெயிண்ட் காயுறதுக்கு முன்னுக்கே வேலை செய்யுது.”

சிரிப்பு நின்றது. கூட்டம் சுவரைப் பார்த்தது; டின்னைப் பார்த்தது. வெடிப்பே இல்லாத கடைசி வீட்டு நாகலெட்சுமி முந்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எங்க சொவத்துல மட்டும் ஏன் சேர் ஒரு கோடும் இல்ல? நாங்க மனுசங்க இல்லையா?”

ஆளுக்கு ஆள் கேட்கத் தொடங்கினார்கள். தள்ளுமுள்ளு. இனி வீடு வீடாகக் கோடு போட நிரந்தரமாக ஒரு அதிகாரி தேவை என்று ஆண்டியப்பன் அங்கேயே தீர்மானித்து, லோஜினியைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் சுவர் வெடிப்பை ஒரு முறை பார்த்தாள். பிறகு டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாக்கண்ணு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அடியே, பெத்தவ சொவத்துக்கு முதல்ல இன்னொரு தடவ பச்சை அடி. இந்த வருஷம் மழை கூடவாம்.”