கடலில் போர் போடும் கம்பெனியும் மாமன் மாலையும்

கோச்சடை,
சித்திரை 28

திருநகரில் வீடும் வாசலுமாக இருக்கும் மாப்பிள்ளை முத்திருளன் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் நல்லகாமன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உன் அக்கா சீனியம்மாளும், கல்யாணப் பெண் நாகஜோதியும் சுகம். அவ்விடம் உன் சுகத்தையும், உன் வீட்டுக்காரி, தங்கச்சி பாண்டிமீனாவின் சுகத்தையும், முக்கியமாக உன் ரத்தக் கொதிப்பின் சுகத்தையும் அறிய ஆவல்.

மாப்ள, நாலு நாளாக நீ போனை எடுக்கவில்லை. எதற்கென்று எனக்குத் தெரியும். கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கப்போகும் அந்த நீலமணி கம்பெனியின் பங்கை வாங்கு வாங்கு என்று போன வருஷம் நச்சரித்தவன் நான்தான். நீயும் என்னை நம்பி, மாடி கட்ட வைத்திருந்த பணத்தைப் போட்டாய். இன்று அது பாதிதான் இருக்கிறது. மூன்று கிணறு, செப்டம்பருக்குள் முதல் துளை, இரண்டு வருஷத்தில் உற்பத்தி என்று அறிக்கையில் போட்டிருந்தான். என் பரவைத் தோட்டத்தில் தண்ணீருக்கு ஐந்து போர் போட்டு நாலில் புழுதியைப் பார்த்தவன் நான், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தாள் வழவழப்பாக இருந்ததால் நம்பிவிட்டேன். செப்டம்பர் டிசம்பரானது, டிசம்பரில் துளை போடும் கப்பல் வரவில்லை, மார்ச்சில் கப்பல் வந்தால் அனுமதி வரவில்லை, இப்போது வானிலை சாதகமாக இருந்தால் தொடங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறதாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. அறிக்கையில் இருந்த கடல் வரைபடத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு, பரவையில் நீரோட்டம் பார்க்கும் கருப்புவிடம் போனேன். அவன் படத்தைத் தரையில் விரித்து, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து, மேலே கையை நகர்த்தினான். கம்பெனிக்காரன் சிவப்புப் புள்ளி வைத்த இடத்தில் தேங்காய் அசையவே இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி விருட்டென்று எழுந்து நின்றது. "அண்ணே, இங்கனதான் ஓட்டம் இருக்கு. ஆனா தண்ணியா எண்ணெயானு தேங்காய்க்குத் தெரியாதுண்ணே" என்றான். கடலுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முந்நூறு ரூபாயும் பேருந்துச் செலவும் ஆனது.

பிறகு போன வாரம் கம்ப்யூட்டரிலேயே பங்குதாரர் கூட்டம் வைத்தார்கள். மற்றவர்கள் லாபத்தைப் பற்றிக் கேட்டார்கள். என் முறை வந்தபோது, "சார், எத்தனை அடி போறீங்க, கேசிங் பைப் எம்புட்டு இறக்குறீங்க, எண்ணெய் வரலைன்னா நிறுத்திருவீங்களா, இல்ல இன்னும் அம்பது அடி பாப்போம்னு போவீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெரிய அதிகாரி, நல்ல கேள்வி, நிலைமையைப் பார்த்து முடிவெடுப்போம் என்றார். போர் வண்டிக்காரனிடம் ஐந்து தடவையும் நான் சொன்னது அதே வார்த்தைதான் மாப்ள. அந்த நேரம் பார்த்து உன் அக்கா அடுப்படியிலிருந்து, "பூசை போட்டுட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்று கத்தியது நாடு முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் ஆமாம் என்றுகூடச் சொன்னார்கள்.

பங்கு எப்படியோ போகட்டும். வைகாசி பதினெட்டு நாகஜோதிக்கு முகூர்த்தம். தாய்மாமன் நீ வரப்போவதில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. மாமன் மாலை விழாமல் மேடை ஏறமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். உன் அக்கா உன்னை நினைத்து அழுகிறாள், அழுதுகொண்டே என்னைத் திட்டுகிறாள். எனக்கும் சோறு இறங்கவில்லை. அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உன் பங்கு அத்தனையையும் நீ வாங்கிய விலைக்கே நான் எடுத்துக்கொள்கிறேன். பரவைத் தோட்டத்தில் பாதியை விலை பேசியாயிற்று, நாளை அட்வான்ஸ் வாங்குகிறேன். என் மேல் உள்ள கோபத்தை என் பிள்ளை மேல் காட்டாதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அழகரும் ஆத்தா மீனாட்சியும் உன் வீட்டில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் மச்சான்,
நல்லகாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கச்சி பாண்டிமீனா போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். நீ ஒரு பங்கைக்கூட விற்கவில்லையாம், விலை இறங்கியதும் இன்னும் இருநூறு வாங்கினாயாம். கோபத்துக்குக் காரணமே வேறாம். "தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்புறவரு வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்?" என்று கேட்டாயாம். நியாயம்தான் மாப்ள. முதல் பத்திரிகை உனக்குத்தான் வைத்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் போனில் அனுப்பிவிட்டேன். நாளைக் காலை நானும் உன் அக்காளும் வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தோடு வருகிறோம். இனித் தோட்டத்தை விற்கப்போவதில்லை. கடிதத்தையும் கையிலேயே கொண்டுவந்து, அவள் பார்க்காத நேரத்தில் தருகிறேன், படித்ததும் கிழித்துவிடு. விலை இறங்கியபோது நானும் முந்நூறு பங்கு வாங்கினேன். அவளுக்குத் தெரியாது.